சுடருக்குள் ஒரு வால்க்கட்டை

"ஃபர்னஸ் செத்துப்போச்சாம் தம்பி. புதுசு போட 7,800 டொலர் கேக்கினம். குடுக்கலாமோ?" கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா, வீட்டைச் சூடேற்றும் காஸ் ஃபர்னஸைப் பற்றி ஜனவரிக் குளிருக்குள் எழுதிய மடல் இவ்வளவுதான். அடியில் இன்னொரு வரி: "பத்துது, ஆனா உடன நூந்துபோகுது."

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பற்றிய உடனே நூர்கிற ஃபர்னஸ் செத்த ஃபர்னஸ் அல்ல. அது எதையோ சந்தேகப்படுகிறது.

முன்கதவைக் கழற்றிப் பார்த்தால் பர்னர் வரிசை தெரியும். அதன் ஓரத்தில், வெள்ளைப் பீங்கான் கட்டையில் செருகிய, ஈர்க்கைவிடச் சற்றே தடித்த கம்பி ஒன்று சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மெக்கானிக்மார் அதை 'ஃபிளேம் சென்சர்' என்பார்கள். உண்மையாகவே தீ எரிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. தீ இல்லாமல் காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் வீடே போய்விடும். ஆகவே அந்தக் கம்பி 'சுடர் உண்டு' என்று சொல்லாவிட்டால் சில நொடிகளில் காஸ் வால்வு மூடிக்கொள்ளும்.

வெறும் கம்பி எப்படிச் சொல்கிறது? காஸ் எரியும்போது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள் பிறக்கின்றன, அதனால் சுடர் மின்சாரத்தைக் கடத்தும். ஃபர்னஸின் மின்பலகை இந்தக் கம்பிக்கு ஆடலோட்டம் கொடுக்கிறது. நொடிக்கு 60 தடவை போய்த் திரும்புகிற மின்சாரம் அது. கம்பியோ சின்னது. எதிர்ப்பக்கம் இருக்கும் பர்னரும் இரும்புப் பெட்டியும் மிகப் பெரியவை. இந்த வித்தியாசத்தால் சுடருக்குள் மின்சாரம் ஒரு திசையில் இலகுவாகப் போகிறது, மறு திசையில் அநேகமாகப் போவதேயில்லை. ஆடலோட்டமாகப் போனது நேரோட்டமாகப் பலகைக்கு வந்து சேர்கிறது. அளவு பொதுவாக ஒன்றிலிருந்து ஆறு மைக்ரோ அம்பியர். ஓர் அம்பியரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ அம்பியர். ஈரமோ கரியோ கம்பியையும் பெட்டியையும் தொடுத்துவிட்டாலும் மின்சாரம் பாயும், ஆனால் இரண்டு திசையிலும் பாயும். ஒரு திசைக்கு மட்டும் வழிவிடுவது சுடர் ஒன்றே. அதனால் பலகை ஏமாறாது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் பெரியண்ணா ஒரு டயோட் பற்றவைத்தார். "இது கரண்டுக்கு வால்க்கட்டை" என்று சைக்கிள் ரியூப்பின் வால்வைக் காட்டினார். காற்று உள்ளே போகும், திரும்பி வராது. பல வருடம் கழித்து ரொறன்ரோவில் ஒரு நிலவறையில், தீயே டயோடாக நின்று வேலை செய்வதைப் பார்த்தபோது அண்ணாவின் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

இந்தக் கம்பியில் காலப்போக்கில் மெல்லிய படிவு ஏறும். மின்னோட்டம் குறையும். தீ நன்றாக எரிந்தாலும் பலகை நம்பாது. பற்றும், நூரும், மறுபடி பற்றும். சில முயற்சிகளுக்குப் பிறகு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தையும் காஸையும் நிறுத்தி, ஒரு திருகாணியைக் கழற்றி, கம்பியை இரும்பு நாரால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால்தான், உரிமம் உள்ள இன்னொரு காஸ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று அம்மாவுக்கு எழுதினேன்.

மாற்றியே ஆகவேண்டிய நாளும் வரும். தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் வெடிப்பு விழுந்துவிட்டால் பேச்சே இல்லை, எரிந்த புகையின் காபன் மொனொக்சைட் வீட்டுக் காற்றில் கலக்கக்கூடும். அப்படிச் சொல்பவரிடம் வெடிப்பைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், படமாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். இங்கே சாதாரண வீடுகளுக்குப் பொருத்துக்கூலியோடு நான் கண்ட விலைகள் 4,000 முதல் 7,000 டொலர் வரை. அதில் புதுக் குழாய் வேலையும் அடக்கம். கனடாவில் 2009இன் கடைசியிலிருந்து வீடுகளுக்குத் தயாரிக்கும் காஸ் ஃபர்னஸின் வினைத்திறன் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 2019 ஜூலையிலிருந்து அது 95. இவ்வளவு வினைத்திறன் எப்படி வருகிறது? புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் ஆவி கையில் பட்டவர்களுக்குத் தெரியும், கொதிநீரைவிட அது பொல்லாதது. ஆவி தண்ணீராக மாறும்போது தன் ஒளித்த வெப்பத்தையெல்லாம் தோலில் கொட்டிவிடுகிறது. புகையில் இருக்கும் நீராவியைப் புதிய ஃபர்னஸ் இப்படித்தான் தண்ணீராக்கி, பழையது புகைபோக்கியில் தொலைத்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆறிய புகைக்குப் பிளாஸ்ரிக் குழாய் போதும். அமிலத் தண்ணீர் வடிய வழி வேண்டும். சுடுதண்ணீர்த் தாங்கி பழைய புகைபோக்கியில் தனித்து நின்றால் அதற்கும் உள்குழாய் போடவேண்டி வரலாம். விலைப்பட்டியலில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மிச்சம் எவ்வளவு? 80 சதவீத ஃபர்னஸிலிருந்து 96க்குப் போனால் காஸ் செலவு ஆறில் ஒரு பங்கு குறையும். வருடம் 1,200 டொலருக்குச் சூடேற்றும் வீட்டில் அது 200 டொலர். போட்ட 6,000 டொலர் திரும்பி வர 30 வருடம். ஃபர்னஸோ 15, 20 வருடம்தான் உழைக்கும். ஆகவே நன்றாக ஓடும் ஒன்றைச் சேமிப்புக்காக மட்டும் கழற்றுவது கணக்குக்குச் சரிவராது.

ஃபர்னஸை விற்காமல் வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பற்றிக் கோபப்படாமல் என்னால் எழுத முடியவில்லை. மாதம் 120 டொலர் என்று பத்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தால் 14,400. 13 சதவீத வரியும் சேர்ந்தால் 16,272. அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டி ஃபர்னஸ் ஒப்பந்தம் பேசுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்தது. இந்த வாடகைக்காக வீட்டு உறுதியின் மேல் பாரம் பதியும் வழக்கத்தையும் 2024 ஜூனில் சட்டம் போட்டு ஒழித்தது. அதற்குள் ஆங்கிலப் பத்திரத்தை வாசிக்க முடியாத எத்தனையோ முதியவர்கள் கையெழுத்து வைத்துவிட்டார்கள். பெற்றோரின் கடிதங்களை மாதம் ஒருதடவை பிள்ளைகள் வாசித்துப் பார்த்தால் என்ன?

நாமும் அந்த இயந்திரத்துக்குக் குறைவாகவே செய்கிறோம். சில டொலர் பெறுமதியான காற்று வடிகட்டியை மாற்றாமல் விட்டால் காற்றோட்டம் அடைபட்டு வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சுடும். சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, கடைசியில் அதில் வெடிப்பு விழும். மூன்று வருடம் ஒரே வடிகட்டியோடு ஓடிய ஃபர்னஸைப் பார்த்திருக்கிறேன். அது வடிகட்டியாக இல்லை, சாம்பல்நிறக் கம்பளியாக இருந்தது.

அம்மாவின் இரண்டாவது மடல் பெப்ரவரியில் வந்தது. மெக்கானிக் கம்பியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போனாராம், வீடு சூடாக இருக்கிறதாம். 7,800 டொலரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேள்வி மட்டும் ஒன்று: "16க்கு 25 ஃபில்டர் வாங்கிவைச்சிருக்கிறன் தம்பி. ஓரத்தில அம்புக்குறி போட்டிருக்கு, அது எந்தப் பக்கம் பாக்கவேணும்?"

ஃபர்னஸைப் பார்க்கவேணும், அம்மா.