கதையில் ஈலியமும் கல்லில் ஈலியமும்

விஞ்ஞானக் கதைகளில் வரும் அரும்பொருள்கள் இருவகைப்படும். ஆசிரியர் தம் கற்பனையாற் படைத்துக்கொள்வன ஒருவகை. இயற்கையில் உள்ளனவற்றை எடுத்தாள்வன மற்றொருவகை. பின்னையதில் உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு எனப் பகுத்துணர்தல் மாணவர்க்குப் பெரும்பயன் தருவதாம். ஈலியம் என்னும் மூலகம் இதற்குத் தக்க சான்று.

எச். ஜி. வெல்சு 1901 இல் நூலாக வெளியிட்ட 'சந்திரனில் முதல் மனிதர்' என்னும் நாவலில், கேவர் என்னும் விஞ்ஞானி புவியீர்ப்பைத் தடுக்கும் பொருளொன்றை ஆக்குகின்றார். உலோகங்கள் சிலவற்றோடு ஈலியமும் சேர்ந்தது அது. அவ்வாயு இலண்டனிலிருந்து மூடிய கற்சாடிகளில் வந்ததென்று கதை கூறும்.

அந்நாளில் ஈலியம் மிகப் புதியது. 1868 ஆம் ஆண்டு ஆகத்து 18 ஆந் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைச் சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் சான்சன் ஆராய்ந்தார். ஞாயிற்றின் விளிம்பிலெழுந்த சுவாலைகளின் நிறமாலையிற் காணப்பட்ட மஞ்சட்கோடு சோடியத்தினது என்றே பலர் முதலிற் கருதினர். அவ்வாண்டு ஒற்றோபரில் இங்கிலாந்தில் உலொக்கியர் அது வேறென நிறுவினார். ஞாயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே மூலகத்தின் பெயராயிற்று.

வட்டுக்கோட்டைக்கு 1847 இல் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த வைத்தியர் கிறீன், 1875 இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலைத் தமிழில் அளித்தார். அப்பொழுதும் ஈலியத்தைப் புவியில் எவரும் கண்டிலர். யுரேனியக் கனியமொன்றிலிருந்து இராம்சே அதனைப் பிரித்தெடுத்தது 1895 இலேயாம்.

கற்சாடி கதையாயினும், ஈலியத்தைப் பொதிந்த கல் ஈழத்திலேயே கிடைத்தது. கனியவள ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இல் சப்பிரகமுவாவிற் கண்டெடுத்த கரிய கனியம் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அதிலுள்ள தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் ஈலியத்தின் கருக்களேயாம். அவை இலத்திரன்களை ஏற்று ஈலிய அணுக்களாகிக் கல்லினுள்ளே நெடுங்காலம் சிறைப்பட்டிருக்கும். கல்லைச் சூடாக்கின் அவ்வாயு வெளிப்படும்.

இனிக் கதையின் பிழையை நோக்குவோம். ஈலியம் சடத்துவ வாயு. உலோகங்களோடு கூடிக் கலப்புலோகம் ஆகாது. ஈலியம் நிரப்பிய கூண்டு மேலெழுதலும் ஈர்ப்பைத் தடுத்ததனாலன்று. ஈலியத்தின் அடர்த்தி காற்றினதில் ஏறக்குறைய ஏழிலொன்று. சூழ்ந்த காற்றின் மேலுதைப்பே கூண்டை உயர்த்துகின்றது. காற்றில்லாத சந்திரனில் அதே கூண்டு கீழேதான் விழும்.

எனினும், ஈலியம் புவியீர்ப்பை வெல்லும் வழியொன்று உண்மையிலேயே உண்டு. வளிமண்டலத்தின் உச்சியில் இவ்விலேசான அணுக்களுட் சில, புவியை விட்டகலப் போதிய வேகம் பெற்று விண்வெளி சேர்கின்றன. மறைசதம் 269 பாகையிற் கொதிக்கும் திரவ ஈலியமே மருத்துவமனைகளின் காந்த ஒத்திசைவுப் படப்பொறிகள் பலவற்றைக் குளிர்விக்கின்றது. காற்றிற் சிதறவிட்ட ஈலியத்தை மீளத் திரட்டல் அரிது; கல்லினுள் அது பிறப்பதோ மிக மெல்ல. ஆதலின் விளையாட்டுக் கூண்டுகளில் இதனை வீணாக்குதல் நோயாளர்க்குரியதை வீணாக்குதலேயாம். கதை எழுப்பிய வியப்பு இவ்வுண்மையை அறிதற்கு வழியாகுமாயின், அக்கதையைக் கற்றதும் பயனுடைத்தேயாம்.