பழைய காமிக்ஸின் தாளைப் பார்த்துச் சொல்வது எப்படி?

பழைய முத்து காமிக்ஸ் ஒன்றோ ராணி காமிக்ஸ் ஒன்றோ கைக்கு வந்தால் நாம் முதலில் பார்ப்பது அட்டையைத்தான். கிழிசல் உண்டா, பின் துருப்பிடித்திருக்கிறதா, யாராவது பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பது உள்ளே இருக்கும் தாளில்தான் தெரியும். அதிலும் இரத்தினபுரி, கேகாலை பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் தாளைக் கவனிக்காமல் விடவே கூடாது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தகரக் கூரை போட்ட லயக் காம்பராவில் பகலில் வெக்கை, இரவில் ஈரம். காகிதத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

தாளைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தாள் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது? பின்பக்கம் எவ்வளவு ஊடு தெரிகிறது? இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல புத்தகம் மட்டமாகவும், மட்டமான புத்தகம் நல்லதாகவும் பெயர் வாங்குகிறது.

தரம் பிரிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பழைய காமிக்ஸுக்கென்றே விலை வழிகாட்டி உண்டு. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் அதை 1970-இல் தொடங்கினார். 2000-இல் சீ.ஜீ.சீ. என்ற நிறுவனம் வந்தது. புத்தகத்தை வாங்கிப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை புள்ளி கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. அந்த உறையின் மேலுள்ள சீட்டில் புள்ளி ஒரு பக்கம் இருக்க, தாளின் நிலையைத் தனியாக எழுதுகிறார்கள். வெள்ளை, மங்கல் வெள்ளை, கிரீம், பழுப்பு, நொறுங்கும் நிலை என்று அந்த வரிசை கீழே இறங்கும். நடுவில் இன்னும் சில படிகளும் உண்டு.

தாளின் நிலையைத் தனியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அட்டை பளிச்சென்று இருந்து தாள் பழுத்துப்போன புத்தகமும் உண்டு. அட்டை அடிபட்டுத் தாள் புதிதாகவே இருக்கும் புத்தகமும் உண்டு. ஓவர்ஸ்ட்ரீட் முறையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தாள் பழுப்பாகிவிட்டாலும் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழான தரத்தில் புத்தகம் நிற்கலாம். தாள் நொறுங்கத் தொடங்கிவிட்டால் தரம் அடிமட்டத்துக்குப் போய்விடும். நிறம் மங்குவதை மன்னிக்கிறார்கள். வலு போவதை மன்னிப்பதில்லை. நாமும் இந்த ஒழுங்கையே பின்பற்றலாம்.

தாள் ஏன் மஞ்சளாகிறது?

முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு வந்தது. லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் 1984-இல் தொடங்கின. அக்காலத்து மலிவு விலை இதழ்களின் உள் தாள் பெரும்பாலும் பத்திரிகைத் தாள். மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் அதில் லிக்னின் என்ற மரப்பசை தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் நிறம் மாறும். அதுதான் நாம் பார்க்கும் மஞ்சள். கூடவே தாளுக்குள் அமிலமும் சேர்கிறது. அந்த அமிலம் நார்களைத் துண்டு துண்டாக வெட்டும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் வெட்டு வேகமாக நடக்கும்.

காற்று விளிம்பு வழியாக உள்ளே போவதால் தாள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுக்கும். அதனால் ஓரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் பக்கம், சரி நடுப்பக்கம், கடைசிப் பக்கம் ஆகிய மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஓரத்தையும் நடுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு, நடுவில் மங்கல் வெள்ளை என்றால் புத்தகம் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஓரமும் நடுவும் ஒரே பழுப்பு என்றால் முதுமை உள்வரை போய்விட்டது.

வெண்மையைப் பார்க்கும் முறை

இரத்தினபுரியில் கல் பார்ப்பவர்கள் மின்குமிழ் வெளிச்சத்தை நம்பி விலை சொல்லமாட்டார்கள். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்ப்பார்கள். தாளுக்கும் அதே ஒழுங்குதான். மஞ்சள் குமிழின் கீழ் எல்லாத் தாளும் பழுப்பாகத் தெரியும். வெள்ளைக் குமிழின் கீழ் பழுப்பும் வெளுப்பாகத் தெரியும். காலை நேரத்தில், நேர் வெயில் படாத வாசலில் வைத்துப் பாருங்கள். பச்சைச் சுவரோ நீலச் சுவரோ பக்கத்தில் இருந்தால் அந்தச் சாயல் தாளில் விழும். சற்று விலகி உட்காருங்கள்.

ஒப்பிடுவதற்குப் பலரும் போட்டோக்கொப்பித் தாளைப் பக்கத்தில் வைப்பார்கள். அது ஏமாற்றும். அந்தத் தாளில் வெளுப்பூட்டும் இரசாயனம் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுவதால் அது அளவுக்கு மீறி வெள்ளையாகத் தெரிகிறது. பத்திரிகைத் தாள் அச்சாலையிலிருந்து வந்த அன்றே சாம்பல் கலந்த வெள்ளைதான். ஆய்வுக்கூட அளவில் புதிய பத்திரிகைத் தாளின் வெண்மை ஏறத்தாழ 60 வீதம். போட்டோக்கொப்பித் தாள் 90 வீதத்தைத் தாண்டும். ஆகவே 1980-களின் இதழுக்கு ‘வெள்ளை’ என்று சொன்னால், அந்தத் தாள் பிறந்த நாளில் இருந்ததுபோல் இருக்கிறது என்றுதான் பொருள். அதே புத்தகத்தின் நடுப்பக்கத்துத் தையல் ஓரத்தில், வெளிச்சமே படாத இடம் ஒன்று இருக்கும். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறிய வெண்மையையும் சந்தேகிக்க வேண்டும். அட்டை அடிபட்டு, பின் துருவேறி, உள்ளே தாள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் யாரோ வெளுத்திருக்கலாம், அல்லது பக்கத்தை மாற்றி ஒட்டியிருக்கலாம். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நீலமாக ஒளிர்ந்து மற்றவை மங்கிக் கிடந்தால் அந்தப் பக்கம் பின்னால் வந்தது என்று சந்தேகிக்கலாம்.

ஊடு தெரிவது ஏன்?

தாளில் நார்களுக்கு நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் பின்பக்கம் மறைகிறது. அந்த இடைவெளியில் எண்ணெய் புகுந்தால் சிதறல் குறையும்; தாள் கண்ணாடிபோல் ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய விரலால் பக்கம் புரட்டினால், கீழ் மூலையில் பெருவிரல் அளவுக்கு ஒரு தெளிந்த வட்டம் விழும். பழைய தோட்டத்துப் புத்தகங்களில் அந்த வட்டம் பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் தொடர்ந்து வருவதைக் காணலாம். மண்ணெண்ணெய் லாம்பின் பக்கத்தில் வைத்துப் படித்த புத்தகத்தில் எண்ணெய்க் கறையோடு புகைக்கரியும் சேர்ந்திருக்கும். கிழிசலுக்கு ஒட்டிய செலோடேப் இன்னும் மோசம். பல வருடங்களில் அதன் பசை தாளுக்குள் இறங்கி, மஞ்சளாகவும் ஊடு தெரிவதாகவும் ஒரு பட்டையை விட்டுவிடும்.

இவையெல்லாம் பின்னால் வந்த குறைகள். பிறவியிலேயே ஊடு தெரியும் தாளும் உண்டு. பத்திரிகைத் தாள் சதுர மீற்றருக்கு 50 கிராம் அளவுக்குள் நிற்கும் மெல்லிய தாள். போட்டோக்கொப்பித் தாள் 80 கிராம். மெல்லிய தாளில் கறுப்பு மை கனமாக ஏறினால் பின்பக்கத்துப் படம் நிழலாகத் தெரியத்தான் செய்யும். அது அச்சின் இயல்பு. அதற்காகத் தரத்தைக் குறைக்கக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பக்கத்தைத் தூக்கி வானத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் எல்லாத் தாளும் ஊடு தெரியும். பக்கத்துக்கு அடியில் முதலில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டுக் கறுப்புத் தாளை வையுங்கள். பக்கத்தின் நிறம் அவ்வளவாக மாறாவிட்டால் தாள் நன்றாக மறைக்கிறது. கறுப்பை வைத்ததும் இருண்டுபோனால் ஊடு தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் தாளின் மறைப்புத்திறனை அளப்பதும் இதே கணக்கில்தான்: கறுப்பின் மேல் வைத்தபோது திரும்பும் வெளிச்சத்தை, அதே தாளைக் கட்டாக அடுக்கி அதன்மேல் வைத்தபோது திரும்பும் வெளிச்சத்தால் வகுக்கிறார்கள். பக்கம் முழுக்க ஒரே சீராக இருண்டால் அது பிறவிக் குணம். திட்டுத் திட்டாக, மூலையிலோ பட்டையாகவோ இருண்டால் கறை.

வலுவையும் புள்ளியையும் மறக்காதீர்கள்

தாளின் வலுவைப் பார்க்க மூலையை மடித்துப் பார்ப்பது பழைய பழக்கம். அது புத்தகத்தையே கெடுக்கும். பக்கத்தை மெதுவாகத் தூக்கி வளையவிட்டாலே போதும். நல்ல தாள் சத்தமில்லாமல் வளையும்; வலு போன தாள் விறைத்து நின்று சரசரக்கும். உறைக்குள் தூளாகத் துகள் கிடந்தால் அதுவே போதிய சாட்சி.

நம் பக்கத்தில் இன்னொரு குறை பழுப்புப் புள்ளி. காற்றின் ஈரப்பதம் 65, 70 வீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் தாளில் குடியேறும். தாளுக்குள் இருக்கும் இரும்புத் துணுக்குகளும் துருவேறிப் புள்ளியாகும். வயது மஞ்சள் பக்கம் முழுக்கப் பரவும். ஈரத்தின் புள்ளி அங்கங்கே தெறித்தாற்போல் கிடக்கும். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

களுகங்கை பெருகிய 2003, 2017 மே மாத வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நனைந்த புத்தகம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பளபளப்பான ஆர்ட் தாளில் அச்சான இப்போதைய வண்ண இதழ்கள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பத்திரிகைத் தாள் அலை அலையாகச் சுருண்டாலும் பிரிந்து வரும். புதியது என்பதற்காக ஆர்ட் தாள் இதழை அலட்சியமாக வைக்காதீர்கள்.

எழுதிக் கொடுங்கள்

விற்பவரானாலும் வாங்குபவரானாலும் ‘நல்ல கண்டிஷன்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நான்கு விஷயங்களை ஒரு துண்டில் எழுதுங்கள்: வெண்மை, ஊடு தெரிதல், வலு, கறை. உதாரணமாக: ‘நடுவில் மங்கல் வெள்ளை, ஓரம் கிரீம். அச்சு நிழல் சீராகத் தெரிகிறது. தாள் வளைகிறது. 12-ஆம் பக்க மூலையில் எண்ணெய்க் கறை, அட்டை உட்புறம் பழுப்புப் புள்ளிகள்.’ இதைப் படித்தவருக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த மாதிரி இருக்கும். பிறகு விலையில் தகராறு வராது.

1970-களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இங்கே கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்து முத்து காமிக்ஸ் நம் தோட்டங்களில் அகப்படுவது அதனாலேயே அருமை. அப்படி ஒன்று கிடைத்தால் வெளுக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், வெயிலில் காயப்போட வேண்டாம். சீமெந்துத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி, அடுப்புப் புகை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பொலித்தீன் உறையில் போடுவதானால் ஈரமில்லாத நாளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, மழைக்காலம் முடிந்ததும் திறந்து பாருங்கள். மஞ்சளாகிவிட்ட தாளை மறுபடி வெள்ளையாக்க வழி தேடுவதைவிட, இன்றிருக்கும் நிலையிலேயே அதை நிறுத்தி வைப்பதுதான் நம் கைக்கு எட்டுகிற காரியம். அதை ஒழுங்காகச் செய்தால் அந்த மாயாவியை நம் பேரப்பிள்ளைகளும் எடுத்துப் படிக்கலாம்.