தண்டவாளத்தில் ஒரு யுத்தம்!

'ரெயில் ஷூட்டர்' என்றால் ரயிலில் உட்கார்ந்து சுடுவது என்று நினைச்சுடாதீங்க. வீடியோ கேமில் அது ஒரு தனி ரகம். போகும் பாதையைத் தண்டவாளம் மாதிரி முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். நின்று வேடிக்கை பார்க்க முடியாது, வந்த வழியே திரும்பவும் முடியாது. குறி பார்க்கணும், சுடணும், எதிரே வருவதிலிருந்து விலகணும். 1985-ல் சேகா கம்பெனி வெளியிட்ட 'ஸ்பேஸ் ஹேரியர்' இந்த ரகத்தில் ரொம்பப் பிரபலம்.

நான் சொல்ல வந்தது, பலர் கண்ணில் படாமலே போன 'சின் அண்ட் பனிஷ்மென்ட்' பற்றி. ட்ரெஷர் என்ற சின்னக் கம்பெனியும் நின்டென்டோவும் சேர்ந்து, நின்டென்டோ 64 மெஷினுக்காக 2000 நவம்பரில் ஜப்பானில் மட்டும் வெளியிட்டார்கள். வேடிக்கை என்னன்னா, கதாபாத்திரங்கள் பேசுவது இங்கிலீஷ். ஜப்பானிய எழுத்து கீழே ஓடும்! ஆனால் அந்த மெஷினுக்கே ஆயுசு முடிகிற நேரம் என்பதால் அமெரிக்காவுக்கு அது போகவே இல்லை. 2007-ல்தான் வீ மெஷினுக்கு டவுன்லோடாகப் போய்ச் சேர்ந்தது. கதை நடப்பதும் அதே 2007-ல்! உலகமெங்கும் பஞ்சம், சாப்பாட்டுக்காக வளர்த்த உயிரினங்கள் வெறிபிடித்துத் திரிகின்றன... அதற்குமேல் கதையை முழுசாகப் புரிந்துகொண்டவர் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு.

"நாமளா ஓட்டுறோம்? அதுவா ஓடுது. இதுல என்னடா விளையாட்டு?" என்பார்கள் சிலர். அங்கேதான் விஷயமே இருக்கு. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு 'கேம் அண்ட் ஃபாலோயர்' ஞாபகம் வரட்டும் (இது ஷாஃப்டில் சுழலும் கேம்!). கேமின் வடிவம் தெரிந்தால் ஃபாலோயர் எங்கே போகும் என்பது தெரியும். அதே மாதிரி கேமரா எங்கே போகும் என்பது முதலிலேயே தெரிந்தால், கண்ணில் படாத பக்கத்தை வரைய வேண்டியதே இல்லை. அந்த மெஷினில் இருந்ததோ 93.75 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 4 எம்.பி. மெமரி. மிச்சம் பிடித்த சக்தியை எல்லாம் ஒரே காட்சியில் கொட்டியிருக்கிறார்கள். நடுக்கடலில், அந்தரத்தில் மிதக்கும் ஒரு தளத்தின் மேல் நின்றுகொண்டு ஒரு கப்பற்படையையே எதிர்க்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. கேமரா சுழன்று சுழன்று வரும்போது நமக்கே தலை சுத்தும்! சுதந்திரமாகத் திரியவிடும் ஆட்டத்தில் அந்த மெஷினால் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் கட்சி.

கன்ட்ரோலரும் விசேஷம். அதற்கு மூன்று கைப்பிடி. நிறைய ஆட்டங்களில் இடது பிடி சும்மாவே கிடக்கும். அதை உபயோகப்படுத்தணும் என்ற யோசனையில் பிறந்ததுதான் இந்த ஆட்டமே. ஒரு கை ஆளை நகர்த்தும், இன்னொரு கை குறி பார்க்கும். முதல் அரை மணி நேரம் இரண்டு கையும் சண்டை போடும், அப்புறம் பழகிடும்.

வீ மெஷினின் கடையை 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 2021 அக்டோபரில் ஸ்விட்சின் சந்தா சேவையில் மறுபடி சேர்த்தார்கள். கிடைத்தால் விடாதீங்க. ஆட ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: தானாகக் குறிவைக்கும் முறை சௌகரியம்தான், ஆனால் அதில் குண்டுக்கு வலு குறைவு. பெரிய எதிரி வந்தால் நீங்களே குறி பாருங்க. ஏவுகணை பக்கத்தில் வரும்போது ஓடாதீங்க! பட்டனைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினால் கத்தி வீச்சில் சில ஏவுகணைகள் அனுப்பியவனிடமே திரும்பிப் போகும்.