காத்துக்குப் போட்ட வேலி

கடலோர ஊர்களில் வீடுகளுக்கு முன்னால் மணல்மேடும், அதில் பனையும் தாழையும் நிற்கும். காற்றின் வேகம் அங்கேயே பாதி அடங்கிவிடும். கடலே இல்லாத திருப்பூர் சீமைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நமக்கும் காத்து கடலிலிருந்துதான் வருகிறது. அரபிக்கடல் காற்று சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கயம் என்று அடித்துத் தள்ளுகிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதும் அதனால்தான். மழையை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டு, நம் மண்ணிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போகும் காத்து இது.

நம் பெரியவர்கள் இதற்குக் கொடுத்த பதில்தான் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஆடுமாடு வெளியே போகாமலிருக்க மட்டுமல்ல இந்த வேலி.

மதில் கட்டினால் காற்று மேலேறித் தாண்டி, அந்தப்பக்கம் சுழன்று விழும். உயிர்வேலி கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு வேகத்தை மட்டும் குறைக்கும். அதன் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரம் வரை பலன் தெரியும். 5 அடி கிளுவைக்கு 50 அடி. 25 அடி மரவரிசைக்கு 250 அடி.

இன்றைக்கு ஆள் கிடைக்கலை, இடம் அடைக்குதுன்னு கிளுவையைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறோம். கம்பி காற்றை நிறுத்துமா? போட்ட மூடாக்கு பறக்கிறது, முருங்கைக் கிளை முறிகிறது, வாழை இலை நாராகிறது. ஈரம் போன மண்ணில் ஜீவாமிர்தம் ஊற்றி என்ன பயன்?

வங்கியில் இருந்த காலத்தில் கம்பிவேலிக்கு எஸ்டிமேட் போட்டுக் கொண்டு வருவார்கள். உயிர்வேலிக்கு ஒரு ரூபாய் மதிப்பு எழுதி வந்த விண்ணப்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அது மிச்சப்படுத்தும் தண்ணீர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் மேற்கு, தென்மேற்கு எல்லையை முதலில் அடையுங்கள். மழைக்கு முன்பே கிளுவைப் போத்து வெட்டி நெருக்கமாக நடுங்கள். துளிர்த்தால் ஆட்டுக்கும் தழை ஆச்சு. அதற்கு உள்வரிசையில் வேம்பு, வெள்வேல், பனை. மர நிழலும் வேரும் பயிரைத் தொடாதபடி 15 அடி விட்டு, அதில் தீவனப்புல் போடலாம். வாசலை மட்டும் மேக்கால வைக்காதீர்கள். அந்த ஒரு சந்தில் காத்து இன்னும் வேகமாகப் பாயும்.

பழைய கிளுவை இன்னும் நிற்கிற காடாக இருந்தால், பொக்கை விழுந்த இடத்தில் போத்து நட்டாலே போதும்.