பழைய ஒல்லாந்துச் சித்திரத்தை வாசித்தல்

ஒல்லாந்தர் கோட்டை என்றதும் எமக்கு நினைவில் வருவது காலிக் கோட்டைதான். அது பீரங்கிக்கு ஈடுகொடுக்கக் கட்டிய தடித்த மதில். ஒல்லாந்து நாட்டு ஓவியர்கள் மையால் வரைந்த கோட்டைகள் பெரும்பாலும் வேறு வகையானவை. பீரங்கி பரவுவதற்கு முன்னர் பிரபுக்கள் தம் குடும்பத்தோடு வாழ்ந்த, அகழி சூழ்ந்த கோபுர வீடுகள் அவை.

அத்தகைய சித்திரம் மண்ணிறமாக இருந்தால், ஓவியர் அந்நிறத்தை விரும்பினார் என உடனே முடிவுசெய்ய முடியாது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை அக்காலத்தில் பெருவழக்கு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே மாசிக்காய்தான்! அந்த மை முதலில் கறுத்து, காலம் செல்ல மண்ணிறமாகும். விறகுப் புகைக்கரியில் செய்த மையோ தொடக்கத்திலேயே மண்ணிறம்.

பலர் ஏமாறுவது சித்திரத்தில் எழுதப்பட்டுள்ள ஆண்டில்தான். ஆபிரகாம் ராடமாக்கர் என்பவர் 1725இல் பழைய கட்டடங்களின் 300 காட்சிகளை அச்சிட்டு வெளியிட்டார். அவற்றுள் பலவற்றில் அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டுகள் காணப்படுகின்றன. முன்னோர் வரைந்த சித்திரங்களைப் பார்த்து அவர் வரைந்தமையே காரணம். ஆகவே அந்த ஆண்டு கட்டடம் அவ்வாறு இருந்த காலத்தைக் குறிக்கிறதே தவிர, வரைந்த நாளை அல்ல.

இதைச் சோதிக்கக் கட்டடமே உதவும். எக்மொண்ட் கோட்டையை ஸ்பானியப் படை பயன்படுத்திவிடக் கூடாதென்று 1573இல் ஒல்லாந்துக் கிளர்ச்சிப் படையினரே அழித்தனர். அதன் பின் பிறந்த ஓவியர் அதை முழுமையாக வரைந்திருந்தால், தம் கண்ணால் கண்டு வரையவில்லை என்பது உறுதி.

கண்ணால் கண்டவர்களும் மாற்றி வரைந்ததுண்டு. ஜேர்மனியின் எல்லையோரத்திலுள்ள பென்தைம் கோட்டை ஒரு தாழ்ந்த குன்றில் நிற்கிறது. அதை நேரில் பார்த்த யாக்கோப் வான் ரொய்ஸ்டால், தமது 1653ஆம் ஆண்டு வர்ண ஓவியத்தில் குன்றைப் பெரிய மலையாகவே உயர்த்திவிட்டார். அழகுக்காகச் செய்தது, அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனினும் இச்சித்திரங்களை ஒதுக்கிவிடவும் இயலாது. 1627இல் பிறந்த ரோலண்ட் ரோக்மன், எங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவராக இருந்தபோது, 1646, 1647 ஆகிய ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று இருநூறுக்கும் மேற்பட்ட கோட்டைச் சித்திரங்களை வரைந்தார். கறுப்புச் சோக்கால் கோடிட்டு, சாம்பல்நிறக் கரைசலைத் தூரிகையால் பூசுவது அவர் முறை. அவர் வரைந்த கோட்டைகளுள் பல பின்னர் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் கூரையும் பாலமும் எவ்வாறு இருந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் அந்த இளைஞரின் தாள்களைத்தான் தேடிச் செல்கின்றனர்.