கணிப்பொறியும் ஊர்நேரமும்

வானொலியில் செய்தி தொடங்குமுன் மணி சொல்லப்படுவதைக் கேட்டு, சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருந்தது. இன்று அந்த வேலையை நாம் செய்வதில்லை. மேசைமேல் உள்ள கணிப்பொறியும் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியும் தாமே சரியான மணியைக் காட்டுகின்றன. விமானம் ஏறி இலண்டனில் இறங்கினால், அங்கே மணி என்னவென்று நாம் பிறரைக் கேட்குமுன்பே கைப்பேசி மாறிவிடுகின்றது. இதைக் கண்டு, இப்பொறிகளுக்கு எல்லா ஊர் மணியும் தெரியும் என்று எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. கணிப்பொறிக்கு எந்த ஊர் மணியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே.

அந்த எண் யாது? கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். யூனிக்ஸ் என்னும் இயங்குதளமும், அதன் வழியில் வந்த லினக்ஸ், ஆண்ட்ராய்டு முதலியனவும், உலகப் பொதுநேரப்படி 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்த நள்ளிரவைச் சுழியாகக் கொண்டு, அன்று தொட்டு ஒவ்வொரு விநாடியாக எண்ணி வருகின்றன. அந்த எண்ணிக்கை இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. விண்டோஸ் 1601ஆம் ஆண்டிலிருந்து, விநாடியினும் மிக நுண்ணிய கூறுகளாக எண்ணுகின்றது. தொடக்கம் வேறாயினும் கொள்கை ஒன்றே.

சுழி விழுந்த அந்தக் கணத்தில் நம் நாட்டில் மணி விடியற்காலை 5.30. இலண்டனிலோ, நள்ளிரவு 12 என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அந்நகரத்துக் கடிகாரங்கள் 1 மணி காட்டின. 1968 முதல் 1971 வரை பிரிட்டன் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தது. கிரீனிச் இருக்கும் நகரிலேயே கிரீனிச் நேரம் வழக்கில் இல்லை! விநாடி என்பது இயற்கையை ஒட்டியது. மணியோ அரசாங்கத்தின் ஆணை. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததே கணிப்பொறி செய்த நல்ல காரியம்.

எனவே, சென்னையில் காலை 10 மணிக்கு நீங்கள் ஒரு கடிதத்தைப் பொறியில் எழுதி வைத்தால், 10 மணி என்று அது குறித்துக்கொள்வதில்லை, எண்ணையே குறிக்கின்றது. கோடைக்காலத்தில் எழுதிய அக்கடிதத்தை டொராண்டோவில் இருக்கும் உங்கள் மகள் திறந்து பார்த்தால் நள்ளிரவு 12.30 என்று காணும். குளிர்காலத்தில் எழுதியதாயின் முந்தின நாள் இரவு 11.30 என்று காணும். எழுதிய கணம் ஒன்றே. காட்டும் வேளையில்தான் ஊருக்கேற்ற மணியாக மாற்றப்படுகின்றது.

மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் நேரம் தவறாமலிருக்க, பொறிக்குள்ளே பொத்தான் அளவுள்ள சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அதில் எந்த நேரத்தை வைப்பது என்பதில் இயங்குதளங்கள் ஒத்துப்போவதில்லை. லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தை வைக்கும். விண்டோஸ் பழைய வழக்கப்படி ஊர்நேரத்தை வைக்கும். ஒரே பொறியில் இரண்டையும் வைத்திருப்போர், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியவுடன் காலை 10 மணிக்கு விடியற்காலை 4.30 என்று கண்டு திகைப்பதுண்டு. மின்கலம் பழுது என்று கருதி அதைக் கழற்றி எறிய வேண்டாம். கழித்துப் பார்த்தால் சரியாக ஐந்தரை மணி வரும். குற்றம் கலத்தில் இல்லை.

இனி, எண்ணை மணியாக மாற்றுவது எவ்வாறு? ஐந்தரை மணியைக் கூட்டினால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். இந்தியாவுக்கு இன்று அது போதும். ஆனால் கோடைக்கு ஒரு மணி, குளிர்காலத்துக்கு ஒரு மணி என்று மாற்றும் நாடுகளுக்குப் போதாது. பழைய நாட்களைக் கணிக்க நமக்குங்கூடப் போதாது. ஆகவே எந்த ஊரில், எந்த நாள் முதல், எவ்வளவு கூட்டுவது என்பதற்குப் பெரிய அட்டவணை ஒன்று வேண்டும். 1980களில் அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் அத்தகைய ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினார். பின்னர் பால் எகர்ட் அதைப் பேணி வளர்த்து வருகின்றார். தன்னார்வலர் பலர் செய்தித்தாள்களையும் அரசிதழ்களையும் பார்த்து அனுப்பும் திருத்தங்களைக் கொண்டே அது இன்றும் வளர்கின்றது. லினக்ஸும், ஆண்ட்ராய்டும், ஆப்பிள் பொறிகளும் அதனையே நம்பியிருக்கின்றன. விண்டோஸுக்குத் தனி அட்டவணை உண்டு.

அவ்வட்டவணையில் நேர வலயங்களுக்கு நாட்டின் பெயரை இடுவதில்லை; வலயத்தின் பெருநகர் ஒன்றின் பெயரையே இடுகின்றார்கள். நாடுகளின் பெயரும் எல்லையும் மாறக்கூடும்; ஊர் நிலைத்திருக்கும். சென்னையில் இருந்துகொண்டு 'ஆசியா/கொல்கத்தா' என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொல்கத்தா என்ற அந்தத் தலைப்பின்கீழ், 1906க்கு முந்தின வரியாகச் சென்னை நேரம் பதிவாகியிருக்கின்றது: உலகப் பொதுநேரத்தினும் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே.

அட்டவணை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரசாங்கம் திடீரென்று மனம் மாறினால் அது என்ன செய்யும்? 2023ஆம் ஆண்டு லெபனானில் மார்ச் 25ஆம் நாள் இரவு கடிகாரத்தை முன்னே தள்ள வேண்டியிருந்தது. ரமலான் முடியும்வரை அதை ஒத்திவைப்பதாக மார்ச் 23ஆம் நாள்தான் அரசு அறிவித்தது. மக்களில் ஒரு சாரார் அதனை ஏற்கவில்லை. கைப்பேசிகள் பல பழைய விதிப்படி தாமே மாறின. ஒரே நகரில் இரண்டு மணி வழங்கியது. சில நாட்களில் அரசே பின்வாங்கியது. அட்டவணையைப் பேணுவோர் அறிவிப்புக்கு ஏற்ப ஒரு பதிப்பை வெளியிட்டு, அடுத்துச் சில நாட்களிலேயே அதைத் திருப்பிக்கொள்ளும் மற்றொரு பதிப்பையும் வெளியிட்டார்கள்.

நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது இலங்கையின் கதை. இந்தியாவோடு ஒத்து ஐந்தரை மணி நேரம் வைத்திருந்த அந்நாடு, மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25ஆம் நாள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, ஆறரை ஆக்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அரை மணி பின்னே இழுத்து, ஆறு ஆக்கிற்று. பின்னர் 2006 ஏப்ரல் 15ஆம் நாள் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பிற்று.

அந்த அக்டோபர் இரவைச் சற்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும் கடிகாரம் மறுபடி 12 ஆயிற்று. அந்த அரை மணி அவ்வூரில் இருமுறை வந்தது. முதல் 12.20க்கு ஒரு குழந்தையும், இருபது நிமிடம் கழித்து அதன் இரட்டையும் பிறந்திருந்தால், இளையதன் பிறப்பு நேரம் 12.10 என்றாகும். தாளில் இளையதே மூத்தது! கணிப்பொறியின் எண்ணிக்கையில் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டு பிறப்புக்கும் இடையே 1200 விநாடி என்று அது தெளிவாகக் கூறும். ஆனால், இரண்டு 12.10இல் எது என்று எழுதி வைக்காத பதிவேட்டைக் கொடுத்துக் கேட்டால், எந்தப் பொறியும் விடை கூற இயலாது.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரை மணி நேரமே வழங்கியது. உலக அட்டவணையில் இலங்கை முழுமைக்கும் 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே வலயந்தான். 1998இல் வன்னியில் காலை 6 மணிக்குப் பிறந்த ஒருவருக்கு இன்று கணிப்பொறியில் ஜாதகம் கணிக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரல் ஆறு மணி நேரத்தைக் கழித்து, அவர் உண்மையில் பிறந்ததற்கு அரை மணி முன்னரே பிறந்ததாகக் கொள்ளும். லக்னம் ஒன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்பது. அதில் நாலில் ஒரு பங்கு பிழை. ஜாதகத்தில் எனக்குப் பெரிதும் நம்பிக்கை இல்லை. ஆயினும், நம்பிக் கேட்பவருக்குப் பிழையான கணக்கைத் தருவது முறையாகாது.

இத்தகையவருக்குக் கணிக்கும்போது, பிறந்த வீட்டுச் சுவரில் இருந்தது எந்த நேரம் என்று முதலில் அவருடைய தாயைக் கேட்க வேண்டும். பழைய நேரம் என்று அவர் சொன்னால், பிறந்த ஊரின் அட்சமும் தீர்க்கமும் அப்படியே இருக்க, நேர வலயத்தை மட்டும் கொழும்பிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.