மனப்பாங்கை அளக்கும் மொழி

உள்ளத்தின் சாய்வைக் கோல்கொண்டு அளத்தல் ஆகுமோ என ஐயுறுவார் உளர். ஆகும் என 1928ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தவர் தேர்ஸ்டன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர். 1932இல் லிக்கர்ட் என்பார், ஒரு கூற்றை முன்வைத்து, அதனை முற்றாக உடன்படுதல் முதல் முற்றாக மறுத்தல் வரையுள்ள படிகளுள் ஒன்றைத் தெரியச்செய்யும் எளிய முறையை வகுத்தார். கட்டிளமைப் பருவத்தினர் புகைத்தலை எங்ஙனம் நோக்குகின்றனர் என ஆராயும் வினாக்கொத்துக்கள் பல இவ்வழி வந்தனவே.

உலக சுகாதார தாபனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையமும் 1999இல் தொடங்கிய உலக இளையோர் புகையிலை ஆய்வு, 13 முதல் 15 வயது வரையான மாணவரைப் பெயர் குறியாது விடையெழுதச் செய்வது. இலங்கையிலும் அது பலமுறை நடைபெற்றுளது. உற்ற நண்பன் சிகரட் நீட்டினால் புகைப்பீரா என்பது அதன் முந்தைய வினாக்களுள் ஒன்றாக இருந்தது. உறுதியான மறுப்பு, ஐயத்தோடு கூடிய மறுப்பு, ஐயத்தோடு கூடிய இசைவு, உறுதியான இசைவு என விடைகள் நான்கு. இத்தகைய வினாக்களுக்கு, இதுகாறும் புகையாதார் உறுதியாக மறுத்திலரேல், பின்னர்ப் புகைக்கக்கூடியோராகக் கணிக்கப்படுவர்.

இங்கே மொழிபெயர்ப்பாளன் பொறுப்புப் பெரிது. இரண்டாம் விடையைப் ‘பெரும்பாலும் மாட்டேன்’ எனப் பெயர்த்தால், ‘மறுப்பேன் என்றே நினைக்கிறேன்’ என ஒருவன் கொள்வான். ‘பலமுறை மறுப்பேன், சிலவேளை வாங்குவேன்’ என மற்றொருவன் கொள்வான். உள்ளம் இரண்டு, பெறும் எண் ஒன்று. எதிர்மறை வினாவோ இன்னும் இடர் தரும். ‘நண்பன் தந்தாலும் புகைக்கமாட்டீரா?’ என்றால், புகையாதவன் தமிழில் ‘ஓம், மாட்டேன்’ என்பான். ஆங்கிலத்திலோ ‘இல்லை’ என்பதே அவன் விடை. ஆங்கில முறைப்படி எண்ணுவோர் அவனைப் புகைப்போர் பக்கம் சேர்த்துவிடுவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேறொரு சிக்கலும் உண்டு. கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் வளர்த்த புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று இந்நாட்டை வாழ்வித்தது. புகையிலை தீயது என்னும் கூற்றைத் தோட்டக்காரன் மகன் மறுப்பானாயின், அவன் காப்பது சிகரட்டையா, தந்தையின் தொழிலையா என எண் கூறாது. அன்றியும், புகையிலைப் பாவனை என்றால் சுருட்டோடு வெற்றிலையுடன் மெல்லுதலும் அடங்கும். புகைத்தல் என்றால் பின்னது அடங்காது.

தமிழாக்கத்தை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் முறையை 1970இல் பிரிஸ்லின் விளக்கினார். அது நன்றே, ஆயினும் போதாது. இருமொழி வல்லார் ‘பெரும்பாலும்’ என்பதன் கருத்தை உய்த்துணர்ந்து மூலச்சொல்லையே மீட்டுவிடுவர்; குற்றம் மறைந்து நிற்கும். எனவே, மாணவர் சிலரை அழைத்து, ஒவ்வொரு வினாவையும் தம் சொல்லில் உரைக்கச் செய்து, அவர் கொண்ட பொருளை அறிதல் வேண்டும். வினா விளங்காதவிடத்து விடையை எண்ணுதல், சிறுவர் உள்ளத்தை அளத்தலாகாது. மொழிபெயர்ப்பின் பிழையை அளத்தலேயாம்.